தண்ணியில் தெரிந்த நிழல்

புருஷன் போனைப் பொண்டாட்டி எடுத்துப் பார்க்கலாமா, பொண்டாட்டி போனைப் புருஷன் பார்க்கலாமா? ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் நாங்கள் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் சம்பளம், ஒப்பந்த வேலை, பி.எஃப். என்று ஆரம்பிக்கிற பேச்சு, டீ வருவதற்குள் இந்தக் கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நூறு பிரச்சினை கிடக்க இதைப் போய்ப் பேசுகிறார்களே என்று. இது தனி மனுஷ விவகாரம், இதில் இயக்கத்துக்கு என்ன வேலை என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அப்படி நினைக்கவில்லை. யார் யாரைப் பார்க்கலாம், யார் யார் கண்ணில் படக்கூடாது என்பதை வைத்துத்தான் சாதியே நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கண்ணு வீட்டுக்குள் வந்தால் மட்டும் அது தனி விவகாரம் ஆகிவிடுமா?

போன வருஷம் ஒரு தங்கச்சி வந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம். "அக்கா, நான் யார்கிட்ட இன்னா பேசினாலும் இவனுக்குத் தெரிஞ்சிடுது. டூட்டியில இருக்கறப்போ, நானே பாக்காத மெசேஜைக்கூட இவன் பாத்துட்றான்" என்றாள். போனை வாங்கிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் என்று ஒரு இடம் இருக்கிறது. அவளுடைய கணக்கு அங்கே இன்னொரு கருவியிலும் திறந்து கிடந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து அவள் செத்த பிணம் மாதிரி தூங்கும்போது, அவள் விரலையே எடுத்து வைத்துப் போனைத் திறந்து இணைத்திருக்கிறான். ஒரு நிமிஷ வேலை. அதற்கப்புறம் ஏழு மாசம் அவள் பேசியதையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

அவனும் நம்ம ஆள்தான். ஏப்ரல் 14க்கு முதல் ஆளாக நின்று கொடி கட்டுகிறவன். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, "தப்பு பண்ணலன்னா பயம் எதுக்கு தோழர்?" என்றான். நான் வாயடைத்துப் போனேன். இந்தக் கேள்வியை இதற்கு முன்னால் வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். போலீஸ் எங்கள் தெருவுக்குள் புகுந்து அரிசிப் பானை வரைக்கும் கவிழ்த்துத் தேடும்போது கேட்கிற கேள்வி அது. கவிழ்த்துத் தேடப்பட்ட வீட்டில் பிறந்தவன்தான் இவனும். அந்தக் கேள்வியை எங்கே கற்றுக்கொண்டான் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இன்னொருத்தர் தலையில் அதை எப்படி வைத்தான் என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்து வேலையே சந்தேகத்துக்கு எரு போடுகிற வேலை. பல கம்பெனிகளில் லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த எட்டு மணி நேரமும் வெளியில் இருப்பவனுக்கு அவள் ஒரு சாம்பல் நிற டிக். போன் அணைந்திருந்தால் ஒரு டிக், போய்ச் சேர்ந்தால் இரண்டு, பார்த்தால் நீலம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறி, அம்மாவுக்குப் பேசி, கூட வேலை செய்கிறவளுக்கு இரண்டு வார்த்தை அனுப்பிவிட்டு அப்புறம் வீட்டுக்குப் பேசினால், "பதினோரு மணிக்கே ஆன்லைன்ல இருந்தியே, எவன்கூட பேசின?" என்று வரும். அவன் 'ஏ' ஷிப்ட், இவள் 'சி' ஷிப்ட். ஒரே வீட்டில் இருந்தும் வாரத்தில் ஒரு நாள்தான் முகம் பார்க்கிறார்கள். மீதி ஆறு நாளும் அவன் பார்ப்பது டிக்கைத்தான். முகம் பார்க்காதவனுக்கு டிக் ஆயிரம் கதை சொல்லும்.

ஊர் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "கம்பெனிக்குப் போறவ" என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் எப்படி இழுத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். சேரிப் பெண் கம்பெனிக்குப் போனால் அந்த இழுப்பு இன்னும் நீளும். கம்பெனிகள் மட்டும் என்ன யோக்கியம்? சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை அந்த வேலைக்கு எடுக்காமல் தவிர்த்தார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. புருஷனுக்குக் கம்பெனி மேல் சந்தேகம், கம்பெனிக்குப் புருஷன் மேல் சந்தேகம். நடுவில் நிற்பவள் ஒருத்திதான். ஆனால் 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதியில் சாப்பாடு விஷமாகிப் பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆயிரக்கணக்கில் பெண்கள் வந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அந்த ராத்திரி சேதி இந்தப் போன் வழியாகத்தான் ஓடியது. செத்துப்போனார்கள் என்ற பொய்ச் சேதியும் அதில்தான் ஓடியது. அதுவும் உண்மை. ஒரு பெண்ணிடமிருந்து போனைப் பிடுங்குகிறவன் எதையெல்லாம் சேர்த்துப் பிடுங்குகிறான் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் வட மாவட்டங்களில் மாரியம்மனுக்கும் எல்லையம்மனுக்கும் ஒரு கதை சொல்வார்கள். சமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை. தன் கற்பின் பலத்தால் ஆற்று மணலைக் குடமாகப் பிடித்துத் தண்ணீர் எடுத்து வருகிறவள். ஒரு நாள் மேலே போன கந்தர்வனின் நிழல் தண்ணியில் தெரிகிறது. அழகாக இருக்கிறானே என்று ஒரு நொடி நினைத்தாள். குடம் கரைந்துவிட்டது. வெறும் கையோடு வந்தவளைப் பார்த்து முனிவருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. மகன் பரசுராமனைக் கூப்பிட்டு, "உன் தாயை வெட்டு" என்கிறார். ரேணுகை ஓடுகிறாள். எங்கே? சேரிக்கு. சேரிப் பெண் ஒருத்தி அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். பரசுராமன் இரண்டு பேரையும் ஒரே வீச்சில் வெட்டுகிறான். அப்புறம் தாயை உயிர்ப்பிக்க வரம் வாங்கி வந்து ஒட்டும்போது தலை மாறிவிடுகிறது. ரேணுகையின் தலை, சேரிப் பெண்ணின் உடம்பு. குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில் வருஷா வருஷம் வைகாசி 1 அன்று சிரசை ஊர்வலமாகக் கொண்டுவந்து அந்த உடம்பில் பொருத்துகிறார்கள். லட்சக்கணக்கில் சனம் கூடுகிறது.

சின்ன வயசிலிருந்து கேட்ட கதை. அந்தத் தங்கச்சி போனைப் பார்த்த அன்றைக்குத்தான் வேறு மாதிரி கேட்டது. ரேணுகை யாரையும் தொடவில்லை, பேசவில்லை. தண்ணியின் மேல் தெரிந்த ஒரு பிம்பத்தைப் பார்த்தாள். இன்றைக்கு அந்தத் தண்ணி கையடக்கமாகக் கண்ணாடித் தகடாகக் கிடைக்கிறது. மனசுக்குள் ஒரு நொடி ஓடியதைக்கூட எனக்குத் தெரியாமல் வைத்திருக்கக்கூடாது என்று கேட்கிற உரிமை முனிவருக்கு எங்கிருந்து வந்தது என்று கதை கேட்பதே இல்லை. கந்தர்வனுக்கும் ஒரு தண்டனையும் இல்லை, கவனியுங்கள். சேரிப் பெண்தான் என்ன பாவம் பண்ணினாள்? நிழலையும் பார்க்கவில்லை. ஓடி வந்தவளைக் கட்டிப்பிடித்தாள். அதற்கு அவள் தலை போயிற்று. மேல்சாதி வீட்டுச் சந்தேகத்துக்கு எங்கள் வீட்டுப் பெண் செத்தாள். நம்ம ஆண்கள் அந்தக் கதையில் சேரிப் பெண்ணின் புருஷனாக இருக்கலாம், அண்ணன் தம்பியாக இருக்கலாம். கோடாரியைக் கையில் வாங்கிப் பரசுராமனாக ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

சந்தேகத்தைப் பிறப்பில் வைத்தது சிலப்பதிகாரத்திலும் இருக்கிறது. எம்.ஏ. படிக்கும்போது கானல்வரியின் இசையழகை மட்டும் பாடம் நடத்தினார்கள். கடற்கரையில் கோவலன் பாடினான். வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறானோ என்று மாதவிக்குப் பட்டது. அவளும் வேறொருவனை நினைத்தவள் போல ஒரு பாட்டுப் பாடினாள். அவன் எழுந்து போய்விட்டான். போனவன் பாட்டோடு நிற்கவில்லை. அவள் முதல் கடிதம் அனுப்பியபோது, இவள் ஆடல்மகள், இவள் காட்டிய அன்பெல்லாம் நடிப்பு என்று திருப்பி அனுப்புகிறான். அத்தனை காலம் அவளோடு வாழ்ந்தவனுக்கு, ஒரு பாட்டு புரியாமல் போனதும் அவள் பிறந்த குலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பெண்களுக்கு இது பாடம் நடத்தாமலே புரியும். பேசியதற்கு ஒரு பொருள், பேசினவள் பிறப்புக்கு ஒரு பொருள். இரண்டாவது பொருளைத்தான் எப்போதும் படிக்கிறார்கள்.

பாபாசாகேப் 1916 மே மாசம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த சாதி பற்றிய கட்டுரையில், அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று சொன்னார். உடன்கட்டை, விதவைக் கொடுமை, குழந்தை மணம் எல்லாம் பெண்ணைச் சாதிக்குள் பூட்டி வைக்கக் கண்டுபிடித்த வழிகள் என்று விளக்கினார். பூட்டி வைத்தால் காவல் வேண்டும். சந்தேகம்தான் அந்தக் காவல்காரன். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் கூடப் படித்த கவுண்டர் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திக் கொன்று ரயில் பாதையில் போட்டார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். காதலா இல்லையா என்று கொன்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகமே போதும். 2022இல் ஆயுள் தண்டனை வந்தது. அந்தத் தீர்ப்புக்கு இனிப்பு கொடுத்த அதே கையால் பொண்டாட்டி போனைத் திறந்து பார்ப்பது எப்படி என்று நம்ம தோழர்கள்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, அடுத்தவன் மனைவியோடு அவன் சம்மதம் இல்லாமல் உறவு வைத்தவனுக்குத் தண்டனை என்றது. புருஷன் சம்மதித்தால் குற்றமில்லை. அதாவது தோட்டத்தில் மாங்காய் பறித்த கணக்கு. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதைத் தூக்கியெறிந்தார்கள். குற்றம் போயிற்று. விவாகரத்துக்கு அது காரணமாக இன்னும் இருக்கிறது, ஆகவே ஆதாரம் தேடுகிற வேலையும் இருக்கிறது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு வந்தது. மனைவிக்குத் தெரியாமல் அவள் யாரிடம் பேசினாள் என்ற அழைப்புப் பட்டியலை எடுத்துக் கணவன் கோர்ட்டில் கொடுத்திருந்தான். அந்தரங்கம் மனைவிக்கும் உள்ள அடிப்படை உரிமை, அதை மீறி எடுத்ததை ஆதாரமாக ஏற்க முடியாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். ஒன்பது மாசம்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 14 அன்று பஞ்சாபிலிருந்து வந்த வழக்கில், மனைவியின் பேச்சைக் கணவன் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அதைக் குடும்ப வழக்கில் ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அந்த உறவு முன்பே உடைந்துவிட்டது என்பது அதில் சொன்ன ஒரு காரணம்.

இந்த இரண்டாவது தீர்ப்பை எங்கள் கூட்டத்தில் நான் திட்டப் போனேன். ஒரு அம்மா குறுக்கிட்டார். பட்டறை வேலைக்காரர், படிக்காதவர். "நீ சொல்றது சரிதான் பாப்பா. ஆனா அவன் என்னை அடிச்சதுக்கும், அவகிட்ட பணம் அனுப்பினதுக்கும் என்கிட்ட வேற இன்னா ருசுவு இருக்குது? போன்ல இருந்ததாலதான் ஜீவனாம்சம் கெடச்சுது" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடிபட்டு வெளியேறப் போகிறவள் ஆதாரத்துக்காகப் போனைப் பார்ப்பதும், அடிக்கிறவன் அடக்கி வைப்பதற்காகப் பார்ப்பதும் செய்கையில் ஒன்றுதான். அதற்காக இரண்டையும் ஒரே தராசில் வைத்து அந்தரங்கம் அந்தரங்கம் என்று பேசினால், ரொட்டி திருடினவனையும் ஊரை அடித்து உலையில் போட்டவனையும் ஒரே சட்டத்தில் நிறுத்துகிற நியாயமாகிவிடும். இதை நான் இன்னும் முழுசாகத் தீர்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அந்தத் தங்கச்சி ஒரு நாள் கேட்டாள். "எல்லாம் பேசறியே அக்கா, நீ உன் வூட்டுக்காரர் போனை எடுத்துப் பாத்ததே இல்லியா?"

பார்த்தேன். அதை எழுதாமல் மேலே எழுதியதையெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

எங்களுடையது சாதி மறுப்புத் திருமணம் இல்லை, ஆனால் சுயமரியாதைத் திருமணம். தாலி இல்லை. ஒருவரை ஒருவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். அவர் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று போனைக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். குளிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போனார். ராத்திரி வெளிச்சம் வந்து போகும். திருக்குறளில் புலவி நுணுக்கம் என்று ஒரு அதிகாரம். அவன் தும்மினால், உன்னை எவள் நினைத்தாள் என்று அவள் அழுவாள். தும்மலை அடக்கினால், உன்னை நினைப்பவளை என்னிடம் மறைக்கிறாயா என்று அழுவாள். வகுப்பில் நாங்கள் சிரித்து மகிழ்ந்த இடம். எனக்கு இரண்டு மாசம் அந்தப் பாடுதான். போன் அதிர்ந்தாலும் வயிறு எரியும், அதிராமல் கிடந்தாலும் எரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண் சந்தேகப்பட்டால் நம் இலக்கியத்தில் அதற்கு ஊடல் என்று பேர் வைத்து இன்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆண் சந்தேகப்பட்டால் தலை விழுகிறது. அந்த வலியை ரசிக்கத் தெரிந்த புலவர்களுக்கு அவள் அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' 1934இல் வந்த புத்தகம், அதன் முதல் அத்தியாயமே கற்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன். கற்பு என்பதே பித்தலாட்டம் என்று பேசினவளுக்கு, தன் ஆள் இன்னொருத்தியிடம் பேசினால் வலிப்பதற்கு உரிமை உண்டா? கற்பை மறுத்துவிட்டு எந்தக் காலில் நின்று "எனக்குத் துரோகம் பண்ணிட்டே" என்று கேட்பது? யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்கவும் வெட்கம். கேட்டால் நான் பொறாமைக்காரியாக, சாதாரணப் பொம்பளையாக ஆகிவிடுவேனாம். ஆகவே கேட்காமல் திருடினேன். அவர் தூங்கும்போது திறந்தேன்.

கூட வேலை செய்கிற ஒரு பெண். தினமும் ஒரே நேரத்துக்கு "சாப்டியா?" அதற்குப் பதில். அசிங்கமாக ஒன்றும் இல்லை. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம். முதுகு வலி. "வீட்ல சொல்லல, அவளுக்கே ஆயிரம் வேலை" என்று என்னைப் பற்றி ஒரு வரி. காலையில் மூன்று மணி வரைக்கும் படித்தேன். படுக்கை பற்றி ஒரு வார்த்தை இருந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால் அது பொய், அதுவும் வலித்திருக்கும்.

ஆனால் எது வலித்தது என்று எனக்கு விளங்கியது. அவர் உடம்பு எனக்குச் சொந்தம் என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. ஒப்பந்தம் போட்டது உடம்புக்கு இல்லை, சொல்லுக்கு. 1967இல் சட்டம் வந்து நம் திருமணங்கள் செல்லுபடியாயின. ஐயர் வேண்டாம், நெருப்பு வேண்டாம், இரண்டு பேர் தங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக்கொள்வதே கல்யாணம் என்றது சட்டம். சொல்லில் நின்ற கல்யாணத்தில் சொல்லை வேறு இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது வலிக்கத்தான் செய்யும். வலிப்பதற்குக் கற்பு தேவையில்லை. "வெறும் மெசேஜ்தானே, தொட்டேனா?" என்று சொல்கிற ஆண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். தொடுவதை மட்டும் துரோகம் என்று எண்ணுகிறவன்தான் இன்னும் கற்பிலேயே நிற்கிறான்.

சொல்லில் நின்ற கல்யாணம் என்றால், நான் பண்ணியது என்ன? அதுவும் சொல்லை உடைத்ததுதான். கேட்பது என்றால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எதிரில் இருப்பவர் சொல்லலாம், சொல்லாமல் இருக்கலாம், பொய் சொல்லலாம். அந்த மூன்றும் அவர் கையில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் கேட்க முடியும். திறந்து பார்ப்பவள் அதை ஒப்புக்கொள்வதில்லை. உன் வாயைத் தாண்டி உன் உண்மையை நானே எடுத்துக்கொள்வேன் என்கிறாள். அந்தத் தம்பி கேட்டதும் இதைத்தான், தெருவுக்குள் வந்த போலீஸ் கேட்டதும் இதைத்தான். எனக்குக் கிடைத்தது என்ன? ஒரு நூறு "சாப்டியா". ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது அதில் இல்லை. அதைச் சொல்ல அவர்தான் வேண்டும்.

மறுநாள் சொல்லிவிட்டேன், திறந்து பார்த்தேன் என்று. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கத்தச் சௌகரியமாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். "கேட்டிருக்கலாமே" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?" என்றேன். "தெரியல" என்றார். அந்தப் பெண்ணோடு அவர் பேச்சை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. போன் கவிழ்ந்து கிடப்பது நின்றது. ஆனால் அந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை என்பதை எனக்குத்தான் முதலில் சொன்னார், அதுவும் இரண்டு நாள் கழித்து.

இதையெல்லாம் அந்தத் தங்கச்சியிடம் சொன்னேன். இணைத்த சாதனத்தை அவளே வெட்டிவிட்டு, வெட்டினதை அவனிடம் சொல்லியும்விட்டாள். இப்போது வாலாஜாபாத்தில் அம்மா வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வருகிறாள். அவன் கூட்டத்துக்கு வருகிறான், பின்வரிசையில் உட்காருகிறான். எதுவும் பேசுவதில்லை.